வந்த பந்துக்கு ஒரு பதில்

டென்னிஸ் ஆட்டத்தில் பந்தைத் தொடங்கி வைப்பவனுக்குள்ள வசதிகள் எதிரில் நிற்பவனுக்கு இல்லை. எப்பொழுது அடிப்பது, எந்த மூலைக்கு அடிப்பது, விசையோடு அடிப்பதா, சுழற்றி அடிப்பதா என்பதெல்லாம் அவனுடைய விருப்பம். முதல் அடி பிசகினால் இரண்டாவது வாய்ப்பும் அவனுக்கு உண்டு. எதிரில் நிற்பவனுக்கோ தேர்ந்துகொள்ள ஒன்றுமில்லை. சற்றே குனிந்து, மட்டையை இரு கைகளாலும் பற்றியபடி அவன் காத்திருக்க வேண்டும். வருவது எதுவாயினும் அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள்.

அந்தத் தொடக்க அடிக்கு 'சர்வீஸ்' என்று பெயர். பெயர் பணிவிடையைச் சொல்கிறது, செயலோ படையெடுப்பாயிருக்கிறது! உயரமும் தோள்வலிமையும் உடைய ஆட்டக்காரர்கள் இந்த ஓர் அடியை மட்டுமே நம்பிப் பெரிய வெற்றிகளைக் குவித்ததுண்டு. அதிலும் கூரையிட்ட உள்ளரங்கில் அவர்கள் பாடு கொண்டாட்டம். வெட்டவெளியிலே காற்று வீசி, உயரத் தூக்கிப் போட்ட பந்தை அலைக்கழிக்கும். அண்ணாந்து பார்க்கும் கண்ணை வெயில் கூசச் செய்யும். உள்ளரங்கில் காற்றுமில்லை, வெயிலுமில்லை. எனவே சர்வீஸ் வலிமை பெற்றவனுக்கு உள்ளரங்கம் சொந்த வீட்டு முற்றத்தைப் போன்றது.

அத்தகைய உள்ளரங்கு ஒன்றில், 1972ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று நடந்த ஓர் இறுதிப் போட்டியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் உள்ளத்தில் புதிதாக ஏதோ ஒன்று துலங்குகிறது. இடம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள டாலஸ் நகரம். உலகச் சாம்பியன்ஷிப் டென்னிஸ் என்ற தொழில்முறைத் தொடரின் முடிசூட்டு ஆட்டம் அது. வெல்பவருக்கு 50,000 டாலர் பரிசு. அக்காலத்தில் டென்னிஸ் உலகம் அதிகம் கண்டிராத தொகை. வலையின் இரு புறமும் நின்றவர்கள் இருவருமே ஆஸ்திரேலியர்கள். ஒருவர் ராட் லேவர், வயது 33. மற்றவர் கென் ரோஸ்வால், வயது 37.

லேவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலியா, பிரான்சு, விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வெல்வது கிராண்ட் ஸ்லாம் எனப்படும். அதனை 1962இல் ஒருமுறையும் 1969இல் மறுமுறையுமாக இருமுறை சாதித்தவர் அவர். இடக்கை ஆட்டக்காரர். அவருடைய இடது முன்கை வலது முன்கையைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியும் அளவில் பருத்திருந்தது. உயரத்தில் பெரியவர் அல்லர். ஆயினும் அந்தக் கையிலிருந்து புறப்படும் சர்வீஸ் வேகத்தால் மட்டுமன்றி, வளைந்து விலகிச் செல்லும் சுழற்சியாலும் அஞ்சத்தக்கதாயிருந்தது.

ரோஸ்வாலின் கதை வேறு. சிட்னி நகரத்து மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகன் அவர். இடக்கைப் பழக்கத்தோடு பிறந்த சிறுவனைத் தந்தையார் வலக்கையால் ஆடப் பழக்கினார். அவருடைய சர்வீஸ் கடைசிவரை வலுப்பெறாததற்கு அதுவே காரணம் என்று சொல்வோர் உண்டு. உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், மெலிந்த உடல். தோழர்கள் அவருக்கு 'மஸில்ஸ்' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். தசைநார் இல்லாதவருக்குத் 'தசைநார்' என்று பெயர்! நம் ஊரில் ஒல்லியான பையனைப் 'பயில்வான்' என்று கூப்பிடுவதில்லையா, அதுபோலத்தான்.

ஆயினும் அந்த மெலிந்த மனிதரிடம் ஓர் அருமையான செல்வம் இருந்தது. அது அவருடைய பேக்ஹேண்ட், அதாவது புறங்கை வீச்சு. பந்தின் அடிப்பாகத்தைச் சீவிவிட்டாற்போல அவர் அடிப்பார். பந்து வலைக்குச் சற்றே மேலாகத் தாழப் பறந்து, கோட்டின் அருகே போய் விழும். இந்த வீச்சுக்கு விசை தேவையில்லை. நேரத்தில் போய் நிற்பதுதான் தேவை. எதிராளி பந்தைத் தூக்கிப் போடும்போதே அவருடைய தோளின் திருப்பத்தையும் மட்டையின் சாய்வையும் கொண்டு, பந்து எங்கே வந்து விழும் என்பதை ரோஸ்வால் ஊகித்துக்கொள்வார். ஆகவே அவர் அவசரப்பட்டு ஓடியதைப் பார்த்தவர்கள் குறைவு. பந்து வரும்போது அவர் முன்னரே அங்கே நின்றுகொண்டிருப்பார்.

நமக்கு இந்தப் பாணி அந்நியமானதன்று. சென்னை லொயோலா கல்லூரியில் படித்த ராமநாதன் கிருஷ்ணனும் வலிய சர்வீஸ் இல்லாமலே, மணிக்கட்டின் நுட்பத்தையும் நிதானத்தையும் கொண்டு 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவர். இரண்டாம் முறை அவரை அங்கே தடுத்து நிறுத்தியவர் இதே லேவர்தான்.

ரோஸ்வால் என்ற பெயர் என்னுடைய தலைமுறையினருக்கு அறிமுகமானதோ வேறு வகையில். 1973ஆம் ஆண்டில் நான் தென்மாவட்டப் பள்ளி ஒன்றின் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் டென்னிஸ் களம் கிடையாது. மஞ்சள் கம்பளிப் பந்தைக் கொண்டு அணிக்கு ஐவராக நின்று ஆடும் பூப்பந்தாட்டமே எங்கள் ஆட்டம். ஆயினும் அவ்வாண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் சென்னையைச் சேர்ந்த 19 வயது விஜய் அமிர்தராஜ் மாபெரும் லேவரையே வென்றுவிட்டார் என்ற செய்தி வந்தபோது, விடுதி முழுவதும் ஆரவாரித்தது. டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டறியாத நாங்கள் எல்லாரும் அன்று விஜய்யின் அண்ணன் தம்பிகளானோம். அந்த மகிழ்ச்சி காலிறுதியோடு முடிந்தது. அவரை வென்றவர் 38 வயது ரோஸ்வால். மறு ஆண்டு அதே போட்டியில் விஜய் சுவீடனின் போர்க்கை வென்றார். மறுபடியும் காலிறுதியில் வழி மறித்தவர் ரோஸ்வால்தான். "இந்தக் கிழவருக்கு வேறு வேலையே இல்லையா?" என்று விடுதித் தோழன் ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி சிரிப்பினூடே என் மனத்தில் தங்கிவிட்டது. நாற்பதை எட்டும் ஒருவர் இருபது வயது இளைஞர்களை எதைக் கொண்டு வெல்கிறார்?

அதற்கான விடையை டாலஸ் ஆட்டம் தருகிறது. அதன் பதிவைக் கையடக்கப் பேசியில் இப்பொழுது காணலாம். முதல் செட்டை லேவர் 6–4 என்று எடுத்துக்கொண்டார். இரண்டாம் செட்டில் ரோஸ்வால் அவருக்கு ஓர் ஆட்டத்தையும் விட்டுத்தராமல் 6–0 என்று வென்றார். மூன்றாவது செட்டும் 6–3 என்று அவருக்கே. நான்காவது செட் 6–6 என்று சமநிலைக்கு வந்து, டைபிரேக்கர் என்னும் முடிவுச் சுற்றில் லேவர் வசமானது. ஐந்தாவது செட்டும் அவ்வாறே 6–6 என்று வந்து நின்றது. மூன்றரை மணி நேரமாக நீடித்த ஆட்டத்தின் முடிவு, முதலில் ஏழு புள்ளிகளை எடுப்பவர் யார் என்ற ஒரே கேள்வியில் வந்து தொங்கியது. அமெரிக்காவில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் அதனைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கணக்கிட்டார்கள். ரோஸ்வாலின் களைப்பு அவருடைய நடையிலேயே தெரிந்தது. தோள்கள் தொங்கிவிட்டன. ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே, சந்தையிலிருந்து சுமையோடு வீடு திரும்புபவரைப்போல அவர் நடந்தார்.

அந்த முடிவுச் சுற்றில் லேவர் 5–4 என்று முன்னணியில் நின்றார். அடுத்த இரண்டு சர்வீஸ்களும் அவருடையவை. ஆட்டம் தெரிந்த எவரும் இனிக் கதை முடிந்தது என்றுதான் எண்ணியிருப்பார்கள். காற்றில்லாத அரங்கம்; உலகின் தலைசிறந்த இடக்கை; இரண்டே அடிகள். லேவர் முதல் சர்வீஸை ரோஸ்வாலின் பேக்ஹேண்ட் பக்கம் அடித்தார். பந்து லேவரால் எட்ட முடியாதபடி திரும்பிச் சென்றது. இரண்டாவது சர்வீஸும் அதே பக்கம் வந்தது. மீண்டும் அதே பேக்ஹேண்ட். மீண்டும் லேவரால் எட்ட முடியவில்லை. 5–4 என்றிருந்த கணக்கு 5–6 என்று மாறியது.

இப்பொழுது சர்வீஸ் அடிக்க வேண்டியவர் ரோஸ்வால். உலகமறிந்த அந்த மெல்லிய சர்வீஸை அவர் போட்டார். எத்தனையோ ஆண்டுகளாக எதிராளிகள் இளக்காரமாகப் பார்த்த அந்த அடியை அன்று லேவரால் ஒழுங்காகத் திருப்ப முடியவில்லை. ஆட்டம் முடிந்தது. ஆறு மாதங்களுக்கு முன், 1971 நவம்பரில் அதே நகரில், அதே இருவருக்குமிடையே நடந்த இறுதிப் போட்டியிலும் ரோஸ்வாலே வென்றிருந்தார். நான்கு பெரும் பட்டங்களையும் இருமுறை வென்ற லேவருக்கு இந்த டாலஸ் பட்டம் மட்டும் கடைசிவரை கிட்டவேயில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்ன? வலிமை இரு வகைப்படும். ஒன்று தொடங்கும் வலிமை. மற்றொன்று பதில் சொல்லும் வலிமை. முன்னது உடலைச் சார்ந்தது. தோள் தளரும்போது அதுவும் தளரும். பின்னது கவனத்தைச் சார்ந்தது. ஆண்டுகள் ஏற ஏற உடலிலிருந்து அவை எடுத்துச் செல்பவற்றுக்கு ஈடாக, கண்ணுக்குச் சிலவற்றைத் தந்துவிட்டே போகின்றன. 37 வயதில் ரோஸ்வால் வென்றது இளமையைத் தக்க வைத்துக்கொண்டதால் அன்று. அவர் நம்பி வாழ்ந்த ஆற்றல் முதுமை எளிதில் தொட முடியாத இடத்தில் இருந்தது.

இதனை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கணித ஆசிரியனாகப் பணியாற்றி 2015இல் ஓய்வு பெற்றேன். கரும்பலகையில் என் எழுத்து அச்சு வார்த்தாற்போலிருக்கும் என்று மாணவர்கள் சொல்வார்கள். வட்டத்தை ஒரே இழுப்பில், கருவி எதுவுமின்றி வரைவேன். பின்வரிசைப் பிள்ளைகள் கை தட்டுவார்கள். அது என்னுடைய சர்வீஸ். வகுப்பில் நுழைந்தவுடன் அதைக் கொண்டுதான் நான் ஆட்டத்தைத் தொடங்கினேன். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் வலக்கை நடுங்கத் தொடங்கியது. இது குறையாது, மெல்ல மெல்ல ஏறும் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். இன்று என்னால் பலகையில் ஒரு நேர்கோடு போட இயலாது.

எங்கள் பங்கு மன்றத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. கை நடுக்கம் வந்தபின் அங்கே போக வேண்டுமா என்று பல நாள் தயங்கினேன். இளம் ஆசிரியை ஒருவர் சுறுசுறுப்பாக, அழகாக நடத்துகிறார். பலகை அவருடையது, அது முறையும்கூட. "சார், நீங்கள் சும்மா வந்து உட்கார்ந்தால் போதும்" என்று அவர்தான் அழைத்தார். போய் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கணக்கு வராத பிள்ளைகள் ஒவ்வொருவராக நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

ஒரு நாள் சிறுமி ஒருத்தி வந்தாள். ஐந்திலிருந்து குறை எண் மூன்றைக் கழிக்க வேண்டும். "ரெண்டு, சார்" என்றாள். விடையைக் கேட்டவுடனேயே அது எந்த வழியாக வந்தது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு கழித்தல் குறிகள் வருவதைக் கண்டு மிரண்டு, ஒன்றை விழுங்கிவிட்டாள்.

"ஏம்மா, உன்னிடம் இருப்பதில் கடனைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் ஐந்து ரூபாய். அந்தக் கடன் மூன்று ரூபாய். கொடுத்தவர் வந்து, கடனே வேண்டாம் என்று தள்ளுபடி செய்துவிட்டார். இப்போது உனக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். "எட்டு" என்றாள். பிறகு தானே வியந்து, "அப்போ கடனைக் கழிச்சா கூடுமா, சார்?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட அந்தக் கேள்வியை நான் பலகையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் அவளிடமிருந்து வரவழைத்திருக்க முடியாது. பணியிலிருந்த காலத்தில் ஐம்பது பிள்ளைகளுக்கு முன் நின்று நான் அடித்துக்கொண்டேயிருந்தேன். இப்பொழுது என்னிடம் வரும் பந்தைப் பார்க்கிறேன். ஒவ்வொரு தவறான விடையும் எங்கிருந்து புறப்பட்டது என்பதை அறிந்துகொள்ள இத்தனை ஆண்டுக் கால அனுபவம் துணை நிற்கிறது. கை நடுங்கட்டும், காது நடுங்கவில்லை.

ஆயினும் இக்கதையை இத்துடன் நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையாகவே நின்றுவிடும். முதுமைக்குத் தோல்வியே இல்லை என்ற இனிப்பான பொய்யை நான் யாருக்கும் விற்க விரும்பவில்லை. மீதி உண்மை 1974ஆம் ஆண்டில் இருக்கிறது.

ரோஸ்வாலின் வாழ்வில் திறக்காத கதவு விம்பிள்டன். 1954இல் இறுதிப் போட்டியில் ஆடித் தோற்றார். 1956இல், தம்மைவிட 21 நாள்களே இளையவரான தோழர் லூ ஹோடிடம் தோற்றார். அதன்பின் அவர் தொழில்முறை ஆட்டக்காரரானதால், அன்றைய விதிகளின்படி 1957 முதல் 1967 வரை, ஒரு விளையாட்டு வீரனின் பொற்காலமாகிய பதினோர் ஆண்டுகள், அவருக்கு அந்த வாசல் அடைபட்டிருந்தது. 1970இல் மீண்டும் இறுதிப் போட்டி, மீண்டும் தோல்வி. 1974இல், 39 வயதில், நான்காம் முறையாக இறுதிப் போட்டிக்கு வந்தார். வந்த வழியோ வியப்புக்குரியது. காலிறுதியில் ஜான் நியூகோம்பையும் அரையிறுதியில் ஸ்டான் ஸ்மித்தையும் அவர் வென்றார். இருவரும் அக்காலத்தின் மிக வலிய சர்வீஸ் உடையவர்கள், முன்னாள் சாம்பியன்கள். ஸ்மித்திடம் முதல் இரண்டு செட்டுகளை இழந்தபின் மீண்டெழுந்து வென்றார்.

இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் 21 வயது ஜிம்மி கானர்ஸ். 6–1, 6–1, 6–4 என்ற கணக்கில் ரோஸ்வால் வீழ்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டியில், விஜய்யை வென்று வந்த அதே போட்டியில், கானர்ஸ் அவரை 6–1, 6–0, 6–1 என்று வென்றார். மூன்று செட்டுகளில் இரண்டே ஆட்டங்கள்!

இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கானர்ஸின் பெருமை சர்வீஸில் இருக்கவில்லை. அவரும் பதில் சொல்லும் கலையில் வல்லவர். எதிராளியின் அடியை, அது எழும்பும்போதே சந்தித்து, வந்ததைவிட விரைவாகத் திருப்பி அனுப்புவார். ரோஸ்வாலை வாழ்நாள் முழுவதும் அச்சுறுத்திய பீரங்கிகள் அவரைச் சாய்க்கவில்லை. நியூகோம்பின் சர்வீஸும் ஸ்மித்தின் சர்வீஸும் அவரிடம் விடை பெற்றுக்கொண்டன. கடைசியில் அவரை வென்றது, அவருடைய கலையையே இளமையின் கால்களோடு கற்றுவந்த ஒருவர்.

இதைத் தோல்வி என்பதா? புள்ளிக் கணக்கில் ஐயமின்றித் தோல்விதான், கொடுமையான தோல்விதான். 'டாலஸ் வெற்றியோடு விலகியிருக்கலாமே, பெயராவது மிஞ்சியிருக்குமே' என்று சொன்னவர்கள் உண்டு. நம் வீடுகளிலும் முதியவர்களைப் பார்த்து நாம் சொல்லும் சொல் இதுதான்: போதும், பேரோடு ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஆனால் டாலஸில் விலகியிருந்தால் நியூகோம்பை வென்ற நாளும் ஸ்மித்தை வென்ற நாளும் அவருக்கு இல்லை. விஜய்யை எதிர்கொண்ட நாள்களும் இல்லை. தோற்றுவிடுவோம் என்ற அச்சத்தால் ஆட்டத்தை விட்டவன், தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். தனக்கு இன்னும் மிச்சமிருந்தது எவ்வளவு என்பதை அவன் ஒருபோதும் அறியமாட்டான்.

அந்த இரண்டு தோல்விகளுக்குப் பின்னும் ரோஸ்வால் மட்டையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. 1977இல் ஹாங்காங்கில் ஒரு பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 43. விம்பிள்டன் பட்டம் மட்டும் கடைசிவரை வரவில்லை. வராததை எண்ணி அவர் ஆட்டம் கசந்துவிடவுமில்லை. சிட்னி நகரின் பெரிய டென்னிஸ் அரங்கிற்கு 2008ஆம் ஆண்டில் அவருடைய பெயரைச் சூட்டினார்கள். மெல்போர்னில் லேவருக்கு ஓர் அரங்கம். சிட்னியில் ரோஸ்வாலுக்கு ஓர் அரங்கம். கிடைக்காத பட்டங்களைக் கணக்கிட்டுப் பார்த்து யாரும் அரங்கங்களுக்குப் பெயரிடுவதில்லை.

நம்மில் பெரும்பாலோர் வாழ்க்கையில் சர்வீஸ் அடிப்பவர்கள் அல்லர். பிறந்த வீடு, வாய்த்த உடல், வந்து சேரும் நோய், பிள்ளைகளின் தூரம், துணையின் பிரிவு ஆகிய எதையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எதிர்க்கோட்டிலிருந்து அவை வருகின்றன. சில வேளைகளில் காண முடியாத வேகத்தில் வருகின்றன. அவற்றைத் தடுக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை. எந்த இடத்தில் நின்று, எந்த முகத்தோடு, எப்படித் திருப்பி அனுப்புகிறோம் என்பது மட்டும் நம்முடையது. அந்தப் பதில் பந்து ஒரு நாள் கோட்டுக்குள் விழும்; மறு நாள் வலையில் மோதும். மோதிய பின்னும் அடுத்த பந்துக்காகக் குனிந்து நிற்க முடிகிறதா என்பதே முதுமை நம்மிடம் கேட்கும் கேள்வி. கால் தளர்ந்த அந்தக் கணத்திலும், 4–5 என்று பின்தங்கிய நிலையில், ரோஸ்வால் தம் இடத்தில் போய் நின்றார், பந்து வந்தது.